அம்மாபேட்டைக் கிணற்றைச் சுற்றி ஒரு கோடு

எங்கள் அம்மாபேட்டைத் தெருவுக்குக் குடிதண்ணீர்க் கிணறு ஒன்றுதான். அதைக் காப்பாற்ற முனிசிபாலிட்டியிலிருந்து ஒருவர் வந்தார். ஒல்லி உடம்பு, காக்கிச் சட்டை, தோளில் ஒரு பிளாஸ்க். எதைத் தொட்டாலும் விரலை மோந்து பார்ப்பார். கிணற்றைச் சுற்றிச் சுண்ணாம்பில் பெரிய வட்டம் போட்டு, அதற்குள் யாரும் நூலுக்குச் சாயம் போடக் கூடாது என்றார். என் சாய அண்டா வட்டத்துக்குள் மாட்டிக்கொண்டது.

எனக்குப் படிப்புத்தான் கிடையாது, வாய் உண்டு.

"ஏனுங்க சார், கோட்டைக் கொஞ்சம் வளைச்சுப் போடுங்க. இந்த எடம் போனா என் பொழப்பே போச்சுங்க."

"அதுக்கென்னங்க, வளைச்சாப் போச்சு."

வட்டம் எலி கடித்த தோசை மாதிரி ஆனது. சர்க்காரையே வளைத்துவிட்ட பெருமையில், அந்தக் கிணற்றுத் தண்ணீரையே ஒரு சொம்பு மொண்டு கொடுத்தேன். விரலை நனைத்து மோந்தார்.

"வேண்டாங்க. நான் ஊட்டுத் தண்ணிதான் குடிப்பேன்" என்று பிளாஸ்க்கைத் திறந்தார்.

"இந்தக் கெணத்தைக் காப்பாத்தத்தானுங்களே வந்தீங்க?"

"ஆமாங்க. குடிக்கவா வந்தேன்?"

அன்றைக்குச் சாப்பிடும்போது அந்தக் கிணற்றுத் தண்ணீரை என்னால் குடிக்க முடியவில்லை. மறுநாளே அண்டாவைத் தெருக்கோடிக்குத் தூக்கிப் போய்விட்டேன்.

அவர் நல்லவரா, கெட்டிக்காரரா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. அடுத்த தடவை வந்தபோது அண்டா இருந்த காலி இடத்தைப் பார்த்தார். பிளாஸ்க்கைத் திறந்துதான் குடித்தார்.