கடைசி அரக்கனும் ஒரு விசா ஃபைலும்

கொழும்பில், வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் மூன்று நாட்கள் முன்பின் தெரியாத ஒருவரும் நானும் ஒரே அறையில் தங்கினோம். பெயரை நான் கேட்கவில்லை. என்னைவிடப் பத்து வயது இளையவர். விசா நேர்முகத்துக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தார். மடியில் எப்போதும் ஒரு பச்சை ஃபைல் இருக்கும். சாப்பிடும்போதும் அதைக் கீழே வைக்கமாட்டார்.

நானோ ஃபோனில் ஒரு விளையாட்டின் கடைசி அரக்கனிடம் இரண்டு மாதமாகச் செத்துக்கொண்டிருந்தேன். நான்கு தரம் நான் செத்ததைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அண்ணை, நீங்கள் அவசரப்படுறியள். முதல்ல அவன் தொடங்கட்டும். அவன் முடிச்சாப் பிறகு ஒரு அடி அடிச்சிட்டுத் தள்ளி நில்லுங்கோ. மேலதிகமா ஒண்டும் குடுக்கக்கூடாது."

"முந்தி விளையாடியிருக்கிறீரோ?"

"இல்லை. இன்டர்வியூவுக்கு இப்பிடித்தான் பழகினனான். கேட்டதுக்கு மட்டும் பதில். எனக்கு இது மூண்டாம் தரம்."

சொன்னபடியே செய்தேன். அரக்கன் விழுந்தான். அவர் தலையை ஆட்டிவிட்டு, ஃபைலில் இருந்த கடதாசிகளை மறுபடி அடுக்கத் தொடங்கினார்.

மறுநாள் காலை மடிப்புக் கலையாத முழுக்கைச் சட்டையுடன் போனார். மதியம் திரும்பி வந்ததும் ஃபைலைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

"அண்ணை, அவனைத் திரும்ப எழுப்பேலுமோ? நான் ஒருக்கா அடிச்சுப் பாக்கிறன்."

எழுப்பிக் கொடுத்தேன். செத்துச் செத்துப் பின்னேரம் வரைக்கும் அடித்தார். ஒரு தரம்கூடத் தள்ளி நிற்கவில்லை.