த்ரோவில் ஓப்சைட் கிடையாது

“இரண்டாம் பாதி, இருபத்தாறாம் நிமிடம். த்ரோவைத் தலையால் தட்டிக் கோல். செல்லும். சனம் ஓப்சைட் என்கிறது. த்ரோவில் ஓப்சைட் கிடையாது.”

என் பழைய நடுவர் குறிப்புப் புத்தகத்தில் இப்படி இருக்கிறது. பக்கத்தின் தலையில் திகதி, கிழமை, காற்று வீசிய திசை வரை எழுதியிருக்கிறேன். திகதி போடாமல் எதையும் விட்டால் எனக்குச் சோறு இறங்காது. வீட்டில் இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள், அது இங்கே வேண்டாம்.

போன கிழமை இந்தப் புத்தகத்தைத் தேட வைத்தவர் அன்ஸார். கல்முனையில் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர். ஒரு விளையாட்டுக் கழகத்தின் ஆண்டு மலரோடு வந்தார். நடுவரின் அறியாமையால் விழுந்த களவுக் கோல் ஒன்றினால் தமது சிறுவர் அணி இறுதிப் போட்டியில் தோற்றது என்று அதில் ஒரு வரி. அந்த நடுவர் நான். அந்தக் கோலை அடித்த பதின்மூன்று வயதுப் பையன் அன்ஸார்.

“என்னக் களவுக் கோல் எண்டு கூப்பிட்டானுகள், பொறுத்துக்கிட்டன் சேர். இப்ப என்ட மகன் பந்தடிக்கப் போனா, களவுக் கோல்ட மகன் எண்டுறானுகள். நீங்க எல்லாத்தையும் எழுதி வெக்கிற ஆள். பாத்துச் சொல்லுங்க.”

புத்தகத்தைப் பிரித்ததும் உப்பு மணத்தது. அந்தக் கடற்கரை மைதானத்தின் மணம். நான் எழுதுவினைஞராக வேலைக்குச் சேர்ந்த புதிது. சம்பளத்தில் வாங்கிய முதல் பொருளே ஒரு விசில்தான். மைதானத்தின் கரைப்பக்கக் கோடு, பழைய கரைவலைக் கயிறு. கடல்பக்கக் கோடு, குதிகாலால் இழுத்த ஒரு கீறல். அதை அலை அழிக்கும், நாங்கள் மறுபடி இழுப்போம். பந்து கடலுக்குள் போனால், அலை அதை எங்கே ஒதுக்குகிறதோ அங்கிருந்து எறிவதுதான் அந்தக் கரையின் வழக்கம். போட்டிகளில் அது செல்லாது, பந்து கோட்டைத் தாண்டிய இடத்திலிருந்துதான் எறிய வேண்டும் என்று அன்றும் இரண்டு தலைவர்களையும் அழைத்துச் சொன்னேன். இரண்டு பேரும் தலையாட்டினார்கள்.

பிள்ளைகளுக்குச் சொன்னால் விளங்கும். கயிற்றுக்கு வெளியே நின்ற பெரியவர்களை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்குக் கொதிக்கிறது. பந்து கோட்டின் மேலே நின்றால் வெளியே என்பார்கள். பவுலுக்கு ஆளான அணிக்கே வாய்ப்பு இருக்கிறது என்று ஆட்டத்தை ஓடவிட்டால், நடுவர் விலை போய்விட்டார் என்பார்கள். விதிப்புத்தகத்தில் ஒரு வரி வாசித்தவர் அதில் ஒருவரும் இல்லை. வாசித்திருந்தவன் அன்ஸார் ஒருவன்தான். ஆட்டத்துக்கு முன்பே என்னிடம் வந்து கேட்டான்.

“சேர், த்ரோவுல ஓப்சைட் இல்லதானே?”

“ஓம், இல்ல.” கோட்டுக்கு வெளியிலிருந்து கையால் எறியும் பந்தை, எதிரணி ஆட்களையெல்லாம் தாண்டி நின்று வாங்கினாலும் குற்றமில்லை என்பதுதான் அந்த விதி.

இருபத்தாறாம் நிமிடம் பந்து கடலுக்குப் போனது. அதற்குச் சற்று முன்புதான் ஒரு பையனின் உடம்போடு ஒட்டியிருந்த கையில் பந்து பட்டிருந்தது. மீன் வியாபாரி ஹனீபா காக்கா கயிற்றைத் தாண்டி உள்ளேயே வந்துவிட்டார்.

“றெபரித் தம்பி, கண்ண ஊட்டுல வெச்சிட்டா வந்த? கையில பட்டிச்சி.”

“கை ஒடம்போட ஒட்டி இரிந்திச்சி காக்கா. அது ஹேண்ட் இல்ல.”

“ஒடம்போட ஒட்டினா கை என்ன, காலாப் போகுமா?”

சனம் சிரித்தது. நானும் சிரித்திருப்பேன், வாயில் விசில் இருந்தது. அவரைக் கயிற்றுக்கு வெளியே அனுப்பிவிட்டுத் திரும்பினேன். கடல்பக்கத்திலிருந்து எறிந்த பந்து வந்துகொண்டிருந்தது. எல்லோரையும் தாண்டித் தனியே நின்ற அன்ஸார் அதை நெற்றியால் தட்டினான். கோல்.

“ஓப்சைட். பொடியன் கோல் வாய்க்குள்ளயே நிண்டவன்.”

“த்ரோவுல அது இல்ல காக்கா. புத்தகத்துல இரிக்கி.”

“அந்தப் புத்தகம் இங்கிலீசுக்காரன் எழுதினது. அவன் நம்மட கடக்கரையக் கண்டானா?”

அன்று தொடங்கியது அந்தப் பட்டப்பெயர். விதி தெரியாதவர்கள், விதி தெரிந்த ஒரு பிள்ளைக்குக் களவு என்று பெயர் வைத்தார்கள். அதைத் தகப்பனிடமிருந்து மகனுக்கும் இறக்கிவிட்டார்கள். இப்போது அச்சிலும் ஏற்றிவிட்டார்கள். மலர்க் குழுவுக்கு நான் எழுதியிருக்கும் கடிதத்தில் விதியை முழுதாகத் தமிழில் பெயர்த்துப் போட்டிருக்கிறேன். ஓப்சைட் குற்றச்சாட்டு பிழை. அவர்கள் அடுத்த மலரில் திருத்தியே ஆக வேண்டும்.

கடிதத்தை எழுதி முடித்துப் பக்கத்தை மறுபடி பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. காற்றின் திசையைக்கூடக் குறித்தவன், பந்து எங்கிருந்து எறியப்பட்டது என்று குறிக்கவில்லை. அலை ஒதுக்கிய இடத்திலிருந்து எறிந்திருந்தால், ஓப்சைட் இல்லாவிட்டாலும் அந்தக் கோல் செல்லாது. அந்த நேரம் நான் ஹனீபா காக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் அன்ஸாரிடம் கேட்டேன்.

“நான் பந்தத்தான் பார்த்தன் சேர். எறிஞ்சவனப் பாக்கல்ல,” என்றார். “ஏன் சேர்?” என்றும் கேட்டார்.

எறிந்தவன் கட்டாருக்குப் போனான் என்கிறார்கள், எண் கிடைக்கவில்லை. ஹனீபா காக்கா மௌத்தாகி அடக்கமும் ஆகிவிட்டார். போய் நின்று அடி வைத்து அளக்கலாமென்றால், அந்தக் கோடு கிடந்த இடத்தில் இன்று கடல் ஏறி இடுப்பளவு தண்ணீர். ஆகவே கடிதத்தின் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: பந்து கோட்டைத் தாண்டிய இடத்திலிருந்து எறியப்பட்டதா, அலை ஒதுக்கிய இடத்திலிருந்தா என்பது இதுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.