எல்லாருக்கும் ஒரே வரிசை

செவ்வாய்க்கிழமைகளில் எங்கள் படலை திறக்கும் சத்தம் கேட்டால், அக்காவுக்கு அன்றைக்கும் நம்பர் கிடைக்கவில்லை என்று எனக்கு விளங்கிவிடும். கிடைத்திருந்தால் அவள் அந்த நேரத்தில் ஆஸ்பத்திரி வாங்கில் குந்தி, டொக்டருக்குக் காத்திருந்திருப்பாள். வந்தவுடன் கிணற்றடிக்குப் போய்க் கால் கழுவுவாள். பிறகு குசினிக்குள் வந்து, நான் கேட்காமலே, "முடிஞ்சுதாம்" என்பாள். நான் பிளேன்ரீ ஊற்றிக் கொடுப்பேன்.

அவளுக்கு மார்பில் ஒரு கட்டி. கிணற்றடியில் வைத்து என் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்துக் காட்டினாள். சின்னதாக, கல்லுப் போல இருந்தது. நோவில்லை என்றாள். நோவில்லாதபடியால்தான் எனக்குப் பயம் வந்தது. இவருக்கு, அதாவது என் கணவருக்கு, "உடம்பில ஒரு கட்டி" என்று மட்டும் சொன்னோம். அவரும் எங்கே என்று கேட்கவில்லை.

அக்கா வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் இருந்தாள். அந்தப் பக்கம் இயக்கத்தின் கையில். நாங்கள் இருந்த டவுன் பக்கம் ஆமியின் கையில். அக்காவின் பக்கத்தில் இருந்த மருந்துச்சாலையில் காய்ச்சல் குளிசையைத் தவிர வேறொன்றும் கிடையாது. கட்டி பார்க்கிற டொக்டர் டவுன் ஆஸ்பத்திரியில் செவ்வாய்க்கிழமை மட்டும் கிளினிக் வைத்தார். அத்தான் கூட வரமாட்டார். ஆம்பிளைகள் துறையைக் கடந்தால் திரும்பி வருவது நிச்சயமில்லாத காலம். அதனால் அவள் தனியாகவே வருவாள்.

விடியமுன் எழும்பி, வயல் வட்டை வரம்பால் நடந்து, வாவிக் கரைக்கு வந்து பாதைக்குக் காத்திருப்பாள். ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவையை நாங்கள் பாதை என்றுதான் சொல்வோம். இந்தக் கரையில் குருக்கள்மடத்துத் துறையில் ஆமியின் காவல் சென்றியும் ஒரு கேற்றும். அந்தக் கேற்று வெயில் ஏறிய பிறகுதான் திறக்கும். திறந்தாலும் ஒவ்வொருவராக பேக்கை அவிழ்த்துக் காட்டி, அடையாள அட்டையைக் கொடுத்து, எங்கே போகிறாய், யாரிடம் போகிறாய் என்றதற்கெல்லாம் பதில் சொல்லி வெளியே வர வேண்டும். பிறகு பஸ். பஸ்ஸிலும் இறங்கி ஏற வேண்டிய இடங்கள் இருந்தன. அவள் ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்போது நம்பர் எல்லாம் முடிந்திருக்கும். டொக்டர் ஒருவர்தான், பார்க்கக் கூடியது இவ்வளவு பேர்தான், அதற்கு மேல் துண்டு கிடையாது.

இவர் ஒரு அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். மத்தியானம் சைக்கிளில் சாப்பிட வருவார். அக்காவும் பஸ்ஸுக்குப் போகுமுன் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவாள். அப்போதுதான் வாக்குவாதம் தொடங்கும்.

"என்ன மச்சாள், இண்டைக்கும் பிந்திட்டீங்களா?"

"நான் பிந்தல்ல மச்சான். என்னைப் பிந்த வச்சானுகள்."

"அங்க வரிசை எல்லாருக்கும் ஒண்டுதானே. முந்தி வந்தவருக்கு முந்தி."

"எனக்கு மட்டும் அந்த வரிசையில முந்தி நிக்க வழியில்லையே. தமிழ்ச் சனத்துக்கு இவ்வளவு காணும் எண்டு வச்சிருக்கிறானுகள். இதுக்குப் பேர் துவேசம் இல்லாட்டி வேறென்ன?"

துவேசம் என்ற சொல் வந்ததும் இவர் சோற்றைப் பிசைவதை நிறுத்துவார்.

"நம்பர் குடுக்கிறவன் ஆர்? நம்மட பொடியன். மருந்து குடுக்கிற மிஸ்ஸிமார் ஆர்? நம்மட ஆக்கள். இதில எங்க துவேசம் வந்தது? ஆளைக் காட்டுங்க பாப்பம்."

"கேற்றுப் பூட்டிக் கிடந்தாக் காணும் மச்சான். ஆள் எதுக்கு?"

"கேற்று பாதுகாப்புக்கு. அங்கால இருந்து என்னவும் வரும். அவனுக்குச் சொன்ன நேரத்துக்குத்தான் அவன் திறப்பான். துவேசம் வேற, பாதுகாப்பு வேற."

"அப்ப இறாலுக்குப் பாதுகாப்பு வேணாமா?"

அந்தக் கதை இதுதான். கொழும்புக்குப் போகும் இறால் லொறி விடியற்காலையில் துறைக்கு வந்து நிற்கும். முதலாளி யாரென்று எங்களுக்குத் தெரியாது, தெற்குப் பக்கத்து ஆள் என்பார்கள். அந்த லொறிக்காக அங்காலப் பக்கத்து இறால் பெட்டிகள் தோணியில் வரும். அவற்றுக்குக் கேற்றுத் திறக்கும். பெட்டிகளை இறக்கி, ஐஸ் போட்டு, லொறி போன பிறகு கேற்றை மறுபடி பூட்டிவிடுவார்கள். அக்காவும் மற்றச் சனமும் பாதையில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"இறால் பழுதாகிடும் மச்சாள்" என்றார் இவர். உண்மையாகத்தான் சொன்னார், பகிடிக்கு அல்ல.

அக்காவுக்குச் சிரிப்பில் புரைக்கேறிவிட்டது. நான் அவள் தலையில் தட்டினேன். தண்ணீர் குடித்துவிட்டு, "ஓம் மச்சான். அப்ப என்னையும் ஐஸில போட்டு ஏத்திவிடச் சொல்லுங்க" என்றாள். இவருக்கும் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. ஆனால் அவள் போன பிறகு பாத்திரம் கழுவ முடியாமல் குசினி நிலத்தில் உட்கார்ந்திருந்தேன்.

இவரைக் கெட்டவர் என்று நினைக்கக் கூடாது. இவர் உத்தியோகத்துக்காகச் சிங்களச் சோதனை பாஸ் பண்ணிய மனிதர். இரவிரவாகப் படித்தார். எங்கள் மகளுக்கு நெருப்புக்காய்ச்சல் வந்தபோது கந்தோரில் இவருக்கு மேலே இருந்த சிங்கள ஐயா தன்னுடைய ஜீப்பை அனுப்பி வைத்தார். இவர் அதை மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. நாளும் காலையில் இஸ்திரி போட்ட சேர்ட்டோடு அந்தக் கந்தோருக்குப் போகிறவருக்கு, அங்கே நியாயம் இருக்கிறது என்று நம்பாமல் எப்படிப் போக முடியும்? நான் பத்தாம் வகுப்போடு நின்றவள், நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள். இதை அவரிடம் சொன்னதில்லை. ஆனால் எனக்கு விளங்கியிருந்தது.

திங்கட்கிழமையே வந்து எங்களோடு தங்கினால் என்ன என்று நான்தான் கேட்டேன். அக்கா இவரைப் பார்த்தாள். வீட்டில் யார் வந்து தங்கினாலும் ஆமிக் காம்பில் பதிய வேண்டும். பதியாமல் இருந்து, சுற்றிவளைப்பில் பிடிபட்டால் வீட்டுக்காரரையும் சேர்த்துத்தான் கொண்டுபோவார்கள். இவர் பின்வாங்கவில்லை. அக்காவைக் கூட்டிக்கொண்டு காம்புக்குப் போனார். தன்னுடைய சிங்களத்தில் எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினாராம். அங்கே இருந்தவன் மரியாதையாகத்தான் பேசினானாம், கதிரையும் கொடுத்தானாம். அங்கால ஆக்கள் இரவு தங்க முடியாது, பின்னேரம் துறை பூட்டுமுன் திரும்பிவிட வேண்டும், அது மேலிடத்துக் கட்டளை என்றானாம்.

"நல்ல மனுசன். அவனால ஏலாது" என்றார் இவர்.

"எல்லாரும் நல்ல மனுசர்தான் மச்சான். கட்டி மட்டும்தான் கெட்டது" என்றாள் அக்கா.

பிறகு நான் போய் வரிசையில் நின்று பார்த்தேன். அப்படி நிற்பது எனக்குப் பெரிய பாடு. முன்னால் பின்னால் நிற்பவர்கள் கதை கேட்பார்கள், யாருக்கு, என்ன வருத்தம் என்று. நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். என்னுடைய முறை வந்ததும் நம்பர் கொடுக்கிற பொடியன், "அக்கா, உங்களுக்கா?" என்று கேட்டான்.

"இல்ல தம்பி, எங்கட அக்காக்கு. அவ பஸ்ஸில வாறா."

அவன் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. "நோயாளி முன்னால நிக்க வேணும் அக்கா. ஆள் மாறிக் குடுத்தா எனக்குத்தான் ஏச்சு விழும்."

எனக்குப் பின்னால் நின்ற ஒரு அம்மா, "மத்த ஆக்களும் நிக்கிறம் புள்ள" என்றா. நான் விலகினேன். அன்றைக்கும் அக்கா வந்தபோது நம்பர் முடிந்திருந்தது.

அப்படியே மழை தொடங்கி, மழை முடிந்தது. அக்காவின் வட்டைக்குள் வெள்ளாமை கதிர் தள்ளி முற்றியது. ஒவ்வொரு செவ்வாயும் அவள் வந்தாள், துறை பூட்டிய செவ்வாய்களைத் தவிர. கட்டி இப்போது கையை வைத்துப் பார்க்கத் தேவையில்லாத அளவுக்கு வந்திருந்தது. சட்டை அதில் தொடாதபடி தோளை ஒரு பக்கம் சரித்து நடந்தாள். அதைப் பார்த்துத்தான் இவருக்கு, அது எங்கே இருக்கிறது என்று விளங்கியிருக்க வேண்டும். அடுத்த செவ்வாய் கந்தோருக்கு லீவு போட்டுவிட்டு, துறைக்கே போய் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரியில் வரிசைக்குப் போகவில்லை. பக்கக் கதவால் உள்ளே போய், தனக்குத் தெரிந்த ஒருவரைப் பிடித்து, அவர் மூலம் டொக்டரிடம் அனுப்பிவிட்டார்.

மத்தியானம் இருவரும் வந்தார்கள். இவர் முகத்தில் ஒரு வெளிச்சம்.

"பாத்தீங்களா மச்சாள்? கேட்டாச் செய்வாங்க. ஒருத்தரும் மாட்டன் எண்டு சொல்லல்ல."

"ஓம் மச்சான், பெரிய உதவி. நான் மறக்கமாட்டன்" என்றாள் அக்கா. சோற்றில் கை வைத்தாள். பிறகு சொன்னாள்: "என்னோட பாதையில வந்த பொம்பிளை ஒண்டு, கழுத்தில கழலை. அவ வெளியில நிண்டவ. நான் பக்கக் கதவால போகக்குள்ள என்னைப் பாத்தவ. அவக்குக் கிளாக்கர் மச்சான் இல்ல."

"எல்லாருக்கும் நான் செய்ய ஏலுமா?"

"அதைத்தான் மச்சான் நானும் சொல்றன்."

இவர் எழும்பிப் போய்க் கை கழுவினார். ஒரே காரியத்தை வைத்துக்கொண்டு, துவேசம் இல்லை என்பதற்கு அவரும், இருக்கிறது என்பதற்கு அவளும் சாட்சி சொன்னார்கள். நான் நடுவில் மீன் குழம்புச் சட்டியோடு நின்றேன்.

உடனே வார்ட்டில் சேர்த்து நிற்பாட்டச் சொல்லியிருந்தார் டொக்டர். அதற்கு அனுமதி வாங்கத் துறையிலும் காம்பிலும் இவர்தான் அலைந்தார். வார்ட்டில் டொக்டர் சுற்றி வந்தபோது நாங்கள் இருவரும் கட்டிலடியில் நின்றோம். டொக்டர் சிங்களவர், நரைத்த மனிதர், குரலை உயர்த்தாதவர். அக்காவைப் பார்த்துச் சோதித்துவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில், "ஏன் அம்மா இவ்வளவு லேட்?" என்று கேட்டார்.

அக்கா எழும்பி இருக்கப் பார்த்தாள். "லேட் இல்லை ஐயா. எல்லாச் செவ்வாயும் வந்தனான்."

அவருக்கு அது விளங்கவில்லை போலும், மிஸ்ஸியைப் பார்த்தார். மிஸ்ஸி நம்மட ஆள், டவுன்காரி. அவ சிங்களத்தில் ஏதோ சொன்னா. டொக்டர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குத் திரும்பினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் இவருடைய முகம் மாறியதைக் கண்டேன்.

மிஸ்ஸி சொன்னது இதுதான் என்று பிறகு இவர் சொன்னார்: அங்காலப் பக்கத்துச் சனம் இப்படித்தான் சேர், கைமருந்து செய்து முற்றவிட்டுத்தான் கொண்டு வரும்.

இவர் அடுத்த கட்டில்வரை டொக்டரின் பின்னால் போனார். ஆபிசில் பேசுவது போல் கையைக் கட்டிக்கொண்டு, சிங்களத்தில், நிறைய நேரம் பேசினார். இடையில் ஒருதரம் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். மிஸ்ஸி கையிலிருந்த தட்டையே பார்த்துக்கொண்டு நின்றா. டொக்டர் கடைசிவரை கேட்டார். பிறகு மிஸ்ஸியிடம், அங்கால இருந்து வருகிறவர்களுக்குச் செவ்வாயில் கொஞ்ச நம்பரை எடுத்து வைக்கச் சொன்னாராம்.

"என்ன மச்சான் சொன்னீங்க?" என்று அக்கா கேட்டாள்.

"நீங்க வந்தீங்க எண்டு சொன்னன்."

"நம்பினவரா?"

"நம்பினவர்."

"அப்ப காணும்" என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

வெட்டி எடுத்தார்கள். ஆனால் அது கக்கத்துக்கும் அதற்கு அப்பாலும் போயிருந்தது. கொழும்புக்கோ வேறெங்கேயோ கொண்டு போகச் சொன்னபோது, அக்கா தன்னுடைய வீட்டுக்குப் போக வேண்டும் என்றாள். அடுத்த வெள்ளாமை விதைக்கும் காலம்வரை இருந்தாள். செத்த வீட்டுக்கு நாங்கள் இருவரும் பாதையில் அந்தக் கரைக்குப் போனோம். திரும்பி வரும்போது எங்கள் இருவரையும் சென்றியில் நிறைய நேரம் மறித்து வைத்தார்கள். அன்றைக்கு இவர் சிங்களம் பேசவில்லை, கேட்டதற்குத் தமிழிலேயே பதில் சொன்னார்.

சில மாதத்தில் அந்த டொக்டர் மாறிப் போய்விட்டார். கழலை வந்த பொம்பிளையைப் பற்றி இவருக்கு நினைவு வந்ததோ என்னவோ, ஒரு செவ்வாய் கந்தோரில் இருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் நம்பர் பொடியனைக் கேட்டிருக்கிறார். எடுத்து வைக்கும் நம்பர் இப்போது இல்லையாம். புது டொக்டர் வேண்டாம் என்று சொல்லவில்லையாம். அவரிடம் ஒருவரும் சொல்லவில்லையாம், அவ்வளவுதான்.

இவர் வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் இருந்தார்.

"ஒருத்தரும் மறுக்கல்ல" என்றார். "ஒரு ஆளைப் பிடிச்சு இவன்தான் எண்டு சொல்ல ஏலாது."

"அக்காவும் ஆளைச் சொல்லல்லயே" என்றேன் நான். அந்த வாக்குவாதத்தில் நான் வாய் திறந்தது அன்றைக்கு மட்டும்தான்.

அவர் சோற்றைப் பிசைந்தார். சாப்பிட்டார். கந்தோருக்குப் போனார். அதற்குப் பிறகு எங்கள் குசினியில் அந்தக் கதை எழும்பவில்லை. இவர் மனம் மாறிவிட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். இன்றைக்கும் வெளியாட்கள் கேட்டால், அது சண்டைக்காலம், எல்லாருக்கும்தான் கஷ்டம் என்பார். அப்போது நான் குசினிக்குள் போய்விடுவேன். எதிர்த்துச் சொல்ல வேண்டியவள் இல்லாத இடத்தில் அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்க எனக்கு ஏலாது.