சந்தில் குவிந்த இடிபாடு

சில வருடங்களுக்கு முன், கோவை சிங்காநல்லூரில் நாங்கள் குடியிருந்த சந்தில், ஒரு கோடையில் நடந்தது இது. அப்பா பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பஞ்சுத் தூசியால் நுரையீரல் கெட்டிருந்தது. நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்கும்.

பக்கத்து வீட்டு அண்ணன் தன் பழைய வீட்டை இடித்துக் கட்ட ஆரம்பித்தார். நல்ல மனுஷர். எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு முதல் ஆளாக வந்து நிற்பவர். இடித்த செங்கல்லும் காரையும் சந்திலேயே குவிந்தன. எங்கள் சமையலறைப் பாத்திரம் வரை தூசி. அப்பாவின் இருமல் அதிகமானது.

மாநகராட்சியில் சொல்லலாம் என்றேன். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

"வேண்டாங்கண்ணு. ஊடு கட்டறது லேசுப்பட்ட காரியமா? சன்னலச் சாத்திக்கலாம்."

நான் அண்ணனிடம் போய், "ஏனுங்ணா, தூசி கொஞ்சம் ஜாஸ்தியா இருக்குதுங்க" என்று மட்டும் சொன்னேன்.

"கொஞ்சம் பொறுத்துக்கங்க அம்மணி, முடிஞ்சுரும்" என்றார். சிரித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

ஒரு மத்தியானம் அப்பாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ஆம்புலன்ஸ் சந்து முனையிலேயே நின்றுவிட்டது. குவியலைத் தாண்டி ஸ்ட்ரெச்சரைக் கொண்டுவர முடியவில்லை. அந்த அண்ணன்தான் ஓடி வந்தார். டிரைவரும் அவருமாக அப்பாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு கல் மேல் ஏறினார்கள். அண்ணனுக்குக் கால் இடறி முழங்காலில் ரத்தம். நாற்காலியை விடவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்துதான் மாநகராட்சிக்குப் போன் செய்தேன். வீட்டை இடிக்கும்போது சுற்றிலும் மறைப்புக் கட்ட வேண்டும், தண்ணீர் தெளிக்க வேண்டும், இடிபாட்டை ரோட்டில் போடாமல் அதற்கென ஒதுக்கிய இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார் போனை எடுத்த பெண்.

"இதெல்லாம் சட்டத்துலயே இருக்குதுங்க. முன்னாடியே புகார் குடுக்கலீங்களா?"

அப்பா பிழைக்கவில்லை. அவரை வீட்டுக்குக் கொண்டு வந்தபோது சந்தில் குவியல் இல்லை. இடிந்த வீட்டைச் சுற்றிப் பச்சை வலை. மண் ஈரமாக இருந்தது. அண்ணன் எங்கள் வாசலில் நின்று, "அப்பாவுக்கு இவ்வளவு முடியலைன்னு தெரியாமப் போச்சே அம்மணி. ஒரு வார்த்தை வெவரமாச் சொல்லியிருக்கலாமே" என்று அழுதார்.

தூசி மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். இருக்கலாம். ஆனால், மறைப்புக் கட்டாமல் எங்கே வீடு இடிபட்டாலும் இப்போது என்னால் சும்மா கடந்து போக முடிவதில்லை. வண்டியை நிறுத்தி, பக்கத்தில் முடியாதவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுத்தான் போகிறேன்.