முழு மாத்திரை

கொட்டாவி விட்டுக்கொண்டே கட்டிங் அக்கா மேசைமேல் துணியை அடுக்குகிறாள். ஒன்றன்மேல் ஒன்றாக நாற்பது அடுக்கு. ஒரு சுருக்கம் இருக்கக் கூடாது. அடுத்த கொட்டாவிக்கு அயர்ன்காரர், "என்னக்கா, தூங்கலையா?" என்கிறார். "நல்லாத்தான் தூங்கினேன். இது வேற கொட்டாவி. விருந்தாளி வரான்." விருந்தாளி என்று அவள் சொல்வது ஒற்றைத் தலைவலியை; அது வருமுன் அவளுக்குக் கொட்டாவி முந்திக்கொள்ளும்.

அந்தச் சட்டைக் கம்பெனியில் வெட்டுகிற மேசை அவளுடையது. வாய் ஓயாது, கை பிசகாது. பிசகினால் ஒரு சட்டையோடு போகுமா? நாற்பதும் சேர்ந்து நாசம். போன வருஷம் தலைவலியோடு வெட்டி அப்படித்தான் ஆயிற்று. "இன்னொரு தடவை ஆச்சுன்னா பட்டன் தைக்கப் போயிடு" என்று முதலாளி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

டாக்டர் கொடுத்த மாத்திரை அப்போதும் கையில்தான் இருந்தது. இருந்து என்ன? துணியில் விரற்கடை மிச்சம் பிடித்தே பழகிய கை அல்லவா! மாத்திரையையும் கத்தரிக்கோலால் பாதியாக நறுக்கிவிட்டாள். அந்தப் பாதியையும் மண்டை பிளக்கிற வரைக்கும் விழுங்க மாட்டாள். கேட்டதும் டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டாராம். "உங்க பிரஷர், இதயம் எல்லாம் பார்த்துத்தானேம்மா இந்த அளவு எழுதினேன்? மிச்சம் பிடிக்க இது என்ன துணியா?"

அதன்பிறகு அக்கா திருந்திவிட்டாள். திருந்தினவர்களுக்கே உரிய கெடுபிடியும் கூடவே வந்துவிட்டது. கொட்டாவிக்கு மாத்திரை கிடையாது. நெற்றிப்பொட்டில் முதல் குத்து விழுந்ததும் முழுசாக ஒன்று. அதற்கும் வலி மசியவில்லை என்றால் தன் இஷ்டத்துக்கு இன்னொன்று போடுவதில்லை, டாக்டரம்மாவுக்குத்தான் போன். மாசத்துக்கு இத்தனை நாள்தான் என்று அவர் போட்ட எல்லையையும் தாண்டுவதில்லை. "அடிக்கடி முழுங்கினா மருந்தே தலைவலியாயிடுமாம். வேலியே பயிரை மேஞ்ச கதை!"

அயர்ன்காரர் ஒருநாள், "எனக்கும் மண்டை இடிக்குதுக்கா, ஒண்ணு குடேன்" என்று கையை நீட்டினார். "உனக்கு பிரஷர் இருக்கு தம்பி. என் சாப்பாட்டைக் கேளு, தர்றேன். மாத்திரையைக் கேட்டே, நீட்டின கையை வெட்டிடுவேன்!" அன்று மத்தியானமே அவரை டாக்டரிடம் துரத்திவிட்டுத்தான் ஓய்ந்தாள்.

இன்று அவசர ஆர்டர். வெட்டிய துணி வரட்டும் என்று தையல் வரிசை முழுக்கக் காத்திருக்கிறது. பாதி வெட்டும்போது அந்தக் குத்து விழுகிறது. அக்கா வெட்டுகிற மெஷினை நிறுத்துகிறாள். மாத்திரையை விழுங்கித் தண்ணீர் குடிக்கிறாள்.

"என்ன பண்றே? ஆர்டர் நாளைக்குப் போகணும்!" முதலாளி பாய்ந்து வருகிறார்.

"இதைப் போட்டா கண்ணு சொருகும் முதலாளி. கத்தி பிடிக்க மாட்டேன்." மாத்திரை அட்டையை முந்தானையில் முடிந்துகொள்கிறாள். "இப்ப வெட்டினா நாற்பதும் கோணலாப் போகும். கொஞ்சம் பொறுத்தா நேரா வரும். பட்டன் தைக்க அனுப்புறதுன்னா அனுப்பிக்குங்க."

முதலாளி கடிகாரத்தைப் பார்க்கிறார். அக்கா துணிக்கிடங்குக்குப் போய் மூட்டைகள்மேல் சாய்ந்துவிடுகிறாள்.

வெகுநேரம் கழித்து முதலாளியே உள்ளே எட்டிப் பார்க்கிறார். "எப்படிம்மா இருக்கு?"

"வலி இறங்கிடுச்சு. நல்ல காலம்! தூக்கக் கலக்கம்தான் இன்னும் தெளியல."

"அப்ப... வெட்டுறது?"

"வெட்டத்தான் போறேன். இன்னும் கொஞ்ச நேரம்." அக்கா முந்தானையை இழுத்துக் கண்ணை மூடிக்கொள்கிறாள். "போறப்ப அந்த விளக்கை அணைச்சிட்டுப் போங்க முதலாளி."