வெளியே உட்கார்ந்த கருத்து

டாக்ஸி ஓட்டுகிறவனுக்குச் சந்தேகம்தான் முதல். "உங்க ஊரு ரொம்ப அழகுங்க" என்று ஒரு பயணி திரும்பத் திரும்பச் சொன்னால், வாடகையைக் குறைக்கச் சொல்லப் போகிறார் என்று அர்த்தம். வெளுத்ததெல்லாம் பாலென்று நம்பியிருந்தால் நான் எப்போதோ வண்டியை விற்றுவிட்டுக் கீழே பெரியகுளத்தில் ஏதாவது கடையில் பொட்டலம் கட்டிக்கொண்டிருப்பேன்.

செயற்கை நுண்ணறிவுக்கு நாட்டுக்கே ஒரு கொள்கை எழுதுகிறார்களாம், அதற்கு மக்களிடம் கருத்துக் கேட்கக் கொடைக்கானலில் கூட்டம் போடுகிறார்களாம் என்று ஸ்டாண்டில் பேச்சு வந்தபோது, எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. முடிவை எழுதி முடித்துவிட்டுக் கருத்துக் கேட்கிற கூட்டங்கள் எத்தனையோ பார்த்தாயிற்று. கூட்டம் நடத்த வந்த அதிகாரி அம்மாவை ரயில் நிலையத்திலிருந்து ஏற்றி வரும் சவாரி எனக்கே வாய்த்தது. மலை ஏறும் வழியெல்லாம் அவர் கேட்டுக்கொண்டே வந்தார். மழை எப்படி, கேரட் எப்படி, பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள்.

"யாரு என்ன சொன்னாலும் பதிவு பண்ணுவோம்ங்க. ஒரு வார்த்தை விட மாட்டோம்" என்றார்.

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். அதை மனதுக்குள் சொல்லிக்கொண்டு வண்டியை ஓட்டினேன். இருந்தாலும் அன்று மாலையே என் அக்காவுக்குப் போன் செய்து கூட்டத்தைப் பற்றிச் சொன்னேன். சொல்வதற்கு அவளிடம் ஒன்று இருந்தது.

அக்கா எங்கள் ஊரிலேயே இருக்கிறாள். கொடையிலிருந்து தள்ளி, சரிவில் படிப்படியாக இறங்கும் கேரட்டுக் காடுகள் உள்ள ஊர். வெள்ளனே பனிமூட்டம் கலையுமுன் பெண்கள் காட்டுக்கு இறங்குவார்கள். முன்பெல்லாம் காவலுக்கு ஓர் ஆள் தகரத்தைத் தட்டிக்கொண்டு முன்னே நடப்பார். காட்டுமாடு இருந்தால் சத்தம் கேட்டு விலகிவிடும். பிறகு ஒரு கம்பம் வந்தது, அதில் ஒரு கேமரா. காட்டுமாட்டை அதுவே அடையாளம் கண்டு அதுவே சைரன் ஊதும் என்றார்கள். காவல் ஆளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வெயில் நாளில் குறை சொல்ல முடியாது, சரியாகவே ஊதும். மூட்டத்தில் அதற்குக் கண் தெரியாது. எங்கள் மலையில் பாதி வருஷம் மூட்டம்தான். போன மழைக்கு, சைரன் ஊதாத ஒரு விடியலில், அக்காவுக்கு எதிரே காட்டுமாடு வந்து நின்றது. வரப்புக் கல்கட்டிலிருந்து கீழே உருண்டதில் அவளுக்குத் தோள் எலும்பு முறிந்தது. "அதுவும் பயந்துதாம்லே ஓடுச்சு, பாவம்" என்பாள் இன்றைக்கும். கேமராவை எடுக்கச் சொல்லி அவள் கேட்கவில்லை. அது இருக்கட்டும், ஆளையும் திரும்பக் கொடுங்கள் என்பதுதான். அடுத்த மாடு எதிரே வருவதற்குள் அது நடக்க வேண்டும். அதைச் சொல்லத்தான் ஊர்க்காரர்களோடு ஜீப்பில் கிளம்பி வந்தாள்.

கூட்டம் ஒரு ஹோட்டல் ஹாலில். சீசன் நேரம், அங்கே வண்டி நிறுத்த இடமில்லை. ஏரிப் பக்கம் நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். முடிந்தது, வாருங்கள் என்று அதிகாரி அம்மாவிடமிருந்து போன் வந்ததும் மேலே ஏறினேன். ஹால் வாசல் படிகளில், தூறலில், சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எங்கள் ஊர் மொத்தமும் உட்கார்ந்திருந்தது. நடுவில் அக்கா, தோளைப் பிடித்துக்கொண்டு.

எங்கள் ஊர்க்கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. பேச்சில் சம்மதமில்லாதவன் கத்த மாட்டான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துபோய் வெளியே மதிலில் உட்கார்ந்துவிடுவான். யாராவது போய், "வாங்க, உள்ள வந்து சொல்லுங்க" என்று கூப்பிட வேண்டும். அவன் வந்து சொல்லி முடிக்கும்வரை முடிவு என்ற பேச்சே கிடையாது. தண்ணீர்ப் பங்கீட்டில் ஒரு சித்தப்பா பகல் முழுக்க மதிலில் இருந்தார். கூட்டமும் பகல் முழுக்க அவருக்காகக் காத்திருந்தது. சோறு மட்டும் மதிலுக்குப் போனது.

உள்ளே நடந்ததை அக்கா சொன்னாள். மைக்கில் ஒருவர், இந்தக் கேமராவை மலையூர்களுக்கெல்லாம் கொண்டுபோகலாம், இனிக் காவலுக்கு ஆளே தேவைப்படாது, எல்லாருக்கும் சம்மதம்தானே என்று கேட்டிருக்கிறார். இவர்கள் அத்தனை பேரும் ஒன்றாக எழுந்து வெளியே வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"இப்பக் கூப்பிடுவாங்க" என்றாள் அக்கா.

உள்ளே எட்டிப் பார்த்தேன். கல்யாண வரவேற்புக்கு நாற்காலிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதிகாரி அம்மா பையை மாட்டிக்கொண்டிருந்தார். எங்கள் ஊர்க்காரர்கள் எழுந்துபோனதற்கு என்ன அர்த்தம் என்று சொன்னதும் அவர் முகம் மாறிப்போனது.

"டீ குடிக்கப் போறாங்கன்னு நெனச்சேங்க. சத்தியமா."

படிக்கு ஓடிவந்து, அக்கா முன்னால் குனிந்து, போனை நீட்டினார். "இப்பச் சொல்லுங்கம்மா, ரெக்கார்ட் பண்ணிக்கிறேன்."

அக்கா போனைப் பார்த்தாள். "உள்ள கூப்பிடுங்க, வந்து சொல்றேன். தெருவுல வச்சுச் சொல்ற சோலியில்லீங்க இது."

"ஹாலைக் கொடுத்தாச்சும்மா. ஈமெயில்ல அனுப்பலாம், இன்னும் டைம் இருக்கு."

அதிகாரி அம்மாவைத் திரும்ப ரயிலுக்கு ஏற்றிப் போனதும் நான்தான். இறங்கும் வழியெல்லாம் கண்ணாடியில் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பொய்யை நான் கண்டுபிடித்துவிடுவேன். அங்கே பொய் இல்லை, அதுதான் எரிச்சலாக இருந்தது. ஆனாலும் கேட்கிறேன், ஒரு ஊரே எழுந்துபோனால் கண்ணில் படாதா? கைதட்ட ஆள் குறைந்திருந்தால் பட்டிருக்கும்.

ஸ்டாண்டில் இருந்த ஒருவரை வைத்து ஈமெயிலும் அனுப்பினோம். நன்றி என்று உடனே பதில் வந்தது, மனிதர் தட்டச்சு செய்ய முடியாத வேகத்தில். சில வாரங்களில் கூட்டங்களின் தொகுப்பு இணையத்தில் வந்தது. அன்று ஊருக்குப் போய் அங்கேயே தங்கினேன். விடிந்ததும் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். கொடைக்கானலில் பங்கேற்றோர் திட்டத்தை வரவேற்றனர், மாற்றுக் கருத்து எதுவும் எழவில்லை என்று இருந்தது.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. அக்காவுக்குக் குழப்பம்தான்.

"ஏலே, யாராச்சும் வந்து எங்களக் கூப்பிட்டாங்களா?"

"இல்லக்கா."

"அப்ப எப்பிடிக் கூட்டம் முடியும்? நாங்க இன்னும் வெளியதான உக்காந்திருக்கோம்."

வெளியே மூட்டம் கல்கட்டுவரை இறங்கிக் கிடந்தது. அக்கா மூலையிலிருந்த பழைய தகரத்தை வலிக்காத கையில் எடுத்துக்கொண்டாள். மற்ற கைக்கு ஒரு குச்சியைக் கொடுத்து, முகம் சுளித்துக்கொண்டே தட்டிப் பார்த்தாள். பிறகு பெண்களுக்கு முன்னால் இறங்கிப் போனாள். கொஞ்ச தூரத்திலேயே கம்பமும் மறைந்துவிட்டது, அவளும் மறைந்துவிட்டாள். சைரன் ஊதவில்லை. ஒன்றும் இல்லாததால் ஊதவில்லையா, கண் தெரியாததால் ஊதவில்லையா என்று யாருக்குத் தெரியும். தகரச் சத்தம் நின்றுவிடுகிறதா என்று காதைக் கொடுத்தபடி, வண்டியை எடுக்காமல் நின்றுகொண்டிருந்தேன்.