ராஜா கதையும் கரை நாடாவும்

எட்டாவதோடு படிப்பை விட்டவள் நான். ஆனால் ராஜா காலத்துக் கதை என்றால் உயிர். தினமும் காய் வாங்கப் போகும் தெருவில் அந்தக் காலத்தில் யானைப்படை வந்ததாகப் படித்தால், மறுநாள் என் நடையே மாறிவிடும்.

ஒருநாள் என் கணவர் என் புத்தகங்களை எல்லாம் பழைய பேப்பர் கடையில் போட மூட்டை கட்டினார்.

“செத்துப்போன ராஜாவப் படிச்சிக்கினு இருந்தா சேலை முடியுமா?”

கரையையும் உடலையும் தனித்தனி நூலில் நெய்து கோர்க்கும் கோர்வைச் சேலையை ஒரே ஆள் நெய்ய முடியாது. அவர் சேலையின் உடலை நெய்ய, பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கான நூல் ஓடும் நாடாவைத் தள்ளுவது நான். அன்று நான் தறிக்குப் போகவில்லை.

“இன்னாமே, நீ பெரிய ராணியா?”

“மூட்டைய அவுத்து வைய்யா. ராணி வருவா.”

முனகிக்கொண்டே அவிழ்த்தார். அதிலிருந்து ஒன்றை எடுத்து, பாதியில் விட்டிருந்த அத்தியாயத்தை முடித்துவிட்டுத்தான் நான் எழுந்தேன்.